கைசர் ஜஹான் பேசாத நாள்

கைசர் ஜஹானின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வளையலுக்காக வருவதில்லை. திருவண்ணாமலையில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ நினைத்தால், முதலில் வட ஒத்தவாடைத் தெருவில் அவள் கடையில் வந்து நாலு வளையலைப் புரட்டிப் பார்ப்பார்கள். குருக்கள் வீட்டு வளைகாப்பிலிருந்து பாய் வீட்டு நிக்காஹ் வரை, கூடத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து வளையல் போடுகிறவள் அவள். எந்த வீட்டில் என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியாமல் போகுமா?

அவள் வார்த்தைகளுக்குத் தரம் உண்டு. "நல்ல பேரு" என்றால் தெருவில் குறை சொல்ல ஆளில்லை. "மதிப்பான குடும்பம்" என்றால் அதற்கும் ஒரு படி மேல். அவர்கள் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். "கௌரவம் பாக்கறவங்க" என்றால் ஜாக்கிரதை, சீர்வரிசையில் சண்டை வரும். "பேரு அடிபடுது" என்று மட்டும் அவள் யாரையும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட இடமென்றால் வாயை மூடிக்கொண்டு வளையல் அடுக்க ஆரம்பித்துவிடுவாள். கேட்டவர்கள் புரிந்துகொண்டு எழுந்து போவார்கள்.

"பேரு தெரு குடுக்கறது. புகழு ஊரு குடுக்கறது. மானம் ஒண்ணுதான் அவங்கவங்க சொத்து. அத நான் எதுக்கு வாயால தொடணும்?" என்பாள். தன் நாசூக்கைப் பற்றி அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

1978 ஆவணியில் அவளுடைய கடைவாய்ப் பல் ஒன்று அவளைப் பாடாய்ப் படுத்தியது. காலையில் பிடுங்கிவிட்டு, பஞ்சை வைத்து அடைத்து, "மூணு மணி வரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றார் டாக்டர். வீட்டில் படுத்திருந்தால் அவள் கைசர் ஜஹான் இல்லையே. நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

உச்சி வேளையில் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். "சாம்பமூர்த்தி குருக்கள் பொண்ணு பாகம்பிரியாள எங்க பையனுக்குப் பாத்திருக்கோம். எப்படி?"

பிறந்ததிலிருந்து பார்த்த பெண். தங்கம். ஆனால் வாயில் பஞ்சு. பிறகு வாருங்கள் என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு, வளையலை அடுக்கத் தொடங்கினாள். பஞ்சைத் துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வார்த்தை இல்லாமல் எங்கே போய்விடுவார்கள் என்ற திமிர்தான் காரணம். அந்த அம்மாள் மறுபடி வரவில்லை.

ஐந்தாம் நாள் குருக்கள் மனைவி மங்களாம்பிகை கையில் ஒரு கார்டோடு கடை முன்னால் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"கைசர், என் பொண்ணு மேல என்ன குத்தம் கண்டே? நீ வாயே தொறக்கலயாமே. வேண்டாம்னு எழுதிட்டா. தெருவுல வேற என்னென்னமோ பேசிக்கறா."

"அல்லா! பல்லு மாமி, பல்லு!" கைசர் ஜஹான் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "கடுதாசி போட்டா நம்ப மாட்டாங்க. நானே போறேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனாள். பிள்ளையின் தாய் வாசலிலேயே மடக்கினாள். "பொண்ணு வீட்டுக்காரா அனுப்பிச்சாளா?"

"யாரும் அனுப்பலம்மா. பொய் சொல்ல மாட்டேன்னு இருபது வருஷமா எனக்கு ஒரு பேரு. எங்க ஊட்ல அத இஜ்ஜத்துனு சொல்லுவோம். அத இன்னிக்கி உங்க வாசல்ல வெக்கறேன். மதிப்பான குடும்பம், தங்கமான பொண்ணு. அன்னிக்கிப் பேசாதது என் தப்பு. பாருங்க." சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் எட்டிப் பார்க்க, வாயை அகலத் திறந்து காட்டினாள்.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதுக்கா இத்தன தூரம் பஸ்ல வந்தே?"

"என் பல்லுக்காவ ஒரு பொண்ணு பேரு போவலாமா?"

தை மாதம் கல்யாணம் என்று அங்கேயே முடிவாயிற்று. திரும்பும் பஸ்ஸில் கைசர் ஜஹானுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவாசி வரைக்கும்தான் அது. அதற்கப்புறம் எல்லம்மாள் நினைவுக்கு வந்தாள்.

தெருமுனையில் பூ விற்கிற எல்லம்மாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளைப் பற்றியும் ஒருவர் வந்து கேட்டார். அப்போது அந்தக் குடும்பம் கீழ்பென்னாத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்தது. நல்லதோ கெட்டதோ, கைசர் ஜஹானுக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வராமல், வளையலை அடுக்கினாள். அவர் எழுந்து போனார். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு யாருமே பெண் கேட்டு வரவில்லை. தினமும் அவளிடம்தான் கைசர் ஜஹான் பூ வாங்குகிறாள். ஒரு நாளாவது இது உறைத்ததா? நாசூக்காம் நாசூக்கு. சுத்த வீம்பு.

மறுநாள் காலை வளையல் பெட்டியோடு பூக்கடைக்குப் போனாள். வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே சொன்னாள்.

"எல்லம்மா, நாலு வருஷம் முன்ன உன்னக் கேட்டு ஒருத்தரு வந்தாரு. நான் பேசல. உங்கிட்ட ஒரு கொறையும் கண்டு இல்ல. உன்ன எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு சும்மா இருந்துட்டேன்."

எல்லம்மாளின் விரல்கள் நாரிலேயே நின்றுவிட்டன.

"நாலு வருஷம்க்கா" என்றாள்.

கைசர் ஜஹான் தலையைக் குனிந்துகொண்டாள். வளையல் பெட்டியைக் கீழே வைத்தாள்.

எல்லம்மாள் பூக்கூடையை ஓரமாய் நகர்த்தி, கோணியில் இடம் விட்டாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வளையலுக்கு நீட்டினாள்.

"உக்காருங்க. இப்பவாவது தெரிஞ்சிக்கங்க."