தோளில் ஒரு கை

தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்த நேரத்தில் சர்மிளாவின் போன் அடித்தது. வினோதா கொழும்பு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக அவள் தம்பி கஜேந்திரன் சொன்னான். அழுகைக்கு நடுவே அஞ்சலிப் பெனருக்குப் படமும் கேட்டான்.

"ஜெயிச்ச படம் ஒங்ககிட்டதானக்கா இருக்கு. நீங்களே டவுன்ல குடுத்து அடிச்சிருங்க."

இப்போதும் வினோதாவின் படம்தான் என்று சர்மிளாவுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகுதான் கண் கலங்கியது.

இருவரும் அந்தத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள். ஒன்றாகவே பல்கலைக்கழகம் போனார்கள். ஐயாயிரம் மீற்றர் ஓட்டத்துக்கு இருவரையும் எடுத்த பயிற்றுநர், சர்மிளாவுக்கு மட்டும் ஒரு வேலை வைத்தார். பாதி தூரம் முன்னால் ஓடி வினோதாவின் வேகத்தை ஏற்றிவிட்டு அவள் ஒதுங்கிவிட வேண்டும். பெரிய போட்டியில் அப்படித்தான் ஒதுங்கினாள். வினோதா சாதனையை முறியடித்தாள். விளையாட்டரங்கச் சுவரில் வினோதாவின் பெயரும் பயிற்றுநரின் பெயரும் ஏறின.

சர்மிளா தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தாள். இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "வினோதா மிஸ் ஒங்க கூட்டாளியாமே, டீச்சர்?" ஆமாம் என்பாள். அன்றைக்குச் சோறு இறங்காது.

போன தீபாவளிக்கு வந்த வினோதா, தேத்தண்ணீரை ஊதிக்கொண்டே சொன்னாள்: "முன்னால ஒன் முதுகு தெரிஞ்சா எனக்கு எரியும்டி. அந்த எரிச்சல்லதான் ஓடுனேன்." சர்மிளா அதை நம்பவில்லை. ஜெயித்தவள் எதையும் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹட்டனில் பெனர் அடிக்கும் கடைப் பையன் ஸஃப்வான் படத்தைக் கம்பியூட்டரில் ஏற்றினான். ஓடி முடித்துத் தள்ளாடிய வினோதாவைப் பயிற்றுநர் ஒரு பக்கமும் சர்மிளா மறுபக்கமும் தாங்கியிருந்தார்கள். அவன் படத்திலிருந்து பயிற்றுநரை வெட்டி எடுத்தான். சர்மிளாவையும் எடுத்தான். வினோதாவின் தோளில் விரல்கள் மட்டும் மிஞ்சின.

"இது யாரு கை, டீச்சர்?"

"என் கைதான்."

ஸஃப்வான் மவுஸை அந்த விரல்கள் மேல் கொண்டுபோனான். "அழிச்சிரவா?"

வினோதா ஊதிய அந்தத் தேத்தண்ணீர் ஞாபகம் வந்தது. எரிந்தது தனக்கு மட்டும்தான் என்று நினைத்தே இத்தனை காலம் இருந்துவிட்டாள்.

"அப்படியே அடிங்க தம்பி," என்றாள்.

லயத்துத் திருப்பத்தில் வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே பெனரைக் கட்டினார்கள். வினோதாவின் இடது தோளில் நான்கு விரல்கள் அழிக்கப்படாமல் இருந்தன.