பேர் வெட்டினால் வீடு போகும்

1. மோள் எவிடே?

நர்சிங் ஸ்கூல் ஹாஸ்டலில் பெட்டியோடு போய் நின்ற முதல் நாள், வார்டன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மோள் எவிடே?" என்று கேட்டார். மகளைச் சேர்க்க வந்த அம்மா என்று நினைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் வெயில் மழை பார்க்காமல் கொழுந்து கிள்ளிய முகம், இருக்கிற வயதோடு இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

"மகள் யாரும் இல்லை, படிக்க வந்தது நான்தான்" என்றேன். வார்டன் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். முப்பிடாதி என்ற என் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் 'முப்பிச்சேச்சி' ஆகிவிட்டேன்.

இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் ஹோம் கேர் யூனிட்டில் சீனியர் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எழுந்து வர முடியாத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை. செய்கிற வேலையை விட்டுவிட்டு நர்சிங் படிக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கோர்ஸ் நல்லது? அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதில் சின்னதுதான், அதைக் கண்டுபிடிக்கத்தான் நாய்படாத பாடு பட்டேன்.

2. ஒரு புண் கூட இல்லாத முதுகு

அப்பா பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். காலையில் கொழுந்து மலைக்குப் போகும் முன் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு இறங்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் வந்து ஒரு தடவை என்று அவரைப் புரட்டிப் படுக்க வைப்பேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, தனியாக அவரைத் தூக்க முடியாது. மாசா மாசம் பாலியேட்டிவ் கேர் வண்டியில் வரும் லில்லி சிஸ்டர் அவர் முதுகைப் பார்த்துவிட்டு, "ஒரு புண்ணு கூட இல்லல்லோ! யாரு பாக்கறது?" என்று கேட்டார். நான் என்றதும், "நீ எதுக்கு கொழுந்து கிள்ளுற? நர்சிங் படிக்கணும்" என்றார். அப்பா போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

முதலில் நான் செய்தது முட்டாள்தனம். டவுனில் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்த ஹோம் நர்ஸ் கோர்ஸில் சேர்ந்தேன். வேலையை விட வேண்டாம், ஆறே மாசம் என்றார்கள். முடித்துவிட்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனால், நர்சிங் சூப்பிரண்டு சர்ட்டிஃபிகேட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் உண்டோ?" என்று மட்டும் கேட்டார். நர்சிங் கவுன்சிலில் பேர் பதிந்தால்தான் நர்ஸ் வேலை என்பதே எனக்கு அப்போது தெரியாது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதபடியே வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் லில்லி சிஸ்டர் என்னை உட்கார வைத்து விளக்கினார். "பி.எஸ்சி. நினக்கு கிடைக்காது, ப்ளஸ் டூவில பயாலஜி இல்லல்லோ. ஏ.என்.எம். ரெண்டு வருஷம். கிராமத்து சப்-சென்டர், தடுப்பூசி, கர்ப்பிணி, அங்ஙனெ போகும். ஜி.என்.எம். மூணு வருஷம். வார்டுல நிக்கலாம், எவிடெயும் போகலாம். எது எடுத்தாலும் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு முதல்ல நோக்கணும்." 

ஏ.என்.எம். போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷம் மிச்சம். அந்த ஒரு வருஷக் கணக்கு எதற்கு என்றால் வீட்டுக்காக.

3. ஆபீஸில்

வரிசையாகக் கட்டிய லயத்தில் இருந்த எங்கள் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலையாட்கள் பேர் எழுதும் செக் ரோலில் குடும்பத்தில் ஒருத்தர் பேர் இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கலாம். அப்பா பேர், அம்மா பேர் எல்லாம் போய், கடைசியில் இருந்தது என் பேர் ஒன்றுதான். ஹெட் கிளார்க்கிடம் போய், லீவு மாதிரி எழுதிவைக்க முடியுமா என்று கேட்டேன்.

"படிக்கப் போறதுக்கு லீவா? நல்லாருக்கே!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "பேரு வெட்டினா வீடு ஒழியணும்மா. வேற ஆளு பேரு போட்டா வீடு நிக்கும். உங்க தம்பி வருவாரா?"

தம்பி முருகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவன் மனைவி அதே கம்பெனியில் டெய்லர். ரெண்டு பேரில் யாராவது பேரைப் போட வருவீர்களா என்று போனில் கேட்டேன். "அவ அட்டை கடிச்சாலே ஊரக் கூட்டுவா, கொழுந்து எங்க கிள்ளுவா அக்கா?" என்று சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "அம்மாவ இங்க அனுப்பிரு" என்றான். அவனுக்கும் ஒரே ரூம்தான்.

அம்மா அந்த லயத்திலேயே பிறந்தவள். இந்தப் பேச்சை அவளிடம் எப்படி எடுப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். அவளே ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ரெண்டு வருசம் படிச்சா வீடு போவுமாட்டி?"

"போகும்மா."

"மூணு வருசம் படிச்சா?"

"அப்பவும் போகும்."

"பெறவு என்னத்துக்குக் கெடந்து யோசிக்க? போறது எப்படியும் போவுது. பெரிசாப் படி."

என் கோர்ஸ் ஜி.என்.எம். என்று முடிவு செய்தது அந்த ஒரு வார்த்தைதான். வீட்டைக் காலி செய்த அன்று அம்மா திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள். திருப்பூர் பஸ்ஸில் ஏறின பிறகுதான் அழுதாள்.

4. ஞாயிற்றுக்கிழமைகள்

பாடம்கூட எனக்குப் பயமில்லை. அனாட்டமியை இங்கிலீஷில் மனப்பாடம் செய்தேன், மலையாளம் எழுதப் பழகினேன். என்னால் தாங்க முடியாதது ஞாயிற்றுக்கிழமை. பெற்றோர்கள் பார்க்க வரும் நாள். சிப்ஸும் ஊறுகாயுமாக வருவார்கள். நான் அந்த நேரம் பார்த்துத் துணி துவைக்கப் போய்விடுவேன். அப்படியும் ஏதாவது ஒரு அம்மா தேடி வந்து, "எங்க மோளை ஒண்ணு பாத்துக்கணே" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சரி என்று தலையாட்டுவேன். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் ஓண லீவுக்கு ஹாஸ்டலைப் பூட்டினார்கள். எங்கே போகிறாய் என்று வார்டன் கேட்டார். எல்லோரும் 'வீட்டிலேக்கு' என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில் நான் மட்டும் திருப்பூர் என்றேன். அங்கே தம்பி குடும்பம் ரூமில் படுக்க, அம்மாவும் நானும் அடுப்படியில் காலை மடக்கிப் படுத்தோம். அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் திருப்பூர்ப் பேச்சில் "ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்களா?" என்று கேட்டதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

படித்து முடித்து, ரெஜிஸ்ட்ரேஷன் வாங்கி, இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அன்றே அம்மாவுக்குப் போன் செய்து, வந்துவிடு என்றேன்.

"எப்படிட்டி வர? பேரன் பள்ளியூடம் விட்டு வந்தா நான்தான கதவு தெறக்கணும். நீ லீவு கெடைக்கப்ப வா" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் அந்த ரெண்டாவது ரூமில் இன்னும் நான் எதையும் வைக்கவில்லை.

5. அதே லயம்

போன மாசம் ஹோம் கேர் வண்டி எங்கள் பழைய லயத்துக்குப் போனது. நடக்க முடியாத ஒரு பாட்டியைப் பார்க்க வேண்டும். டிரைவர் எந்த வாசலில் நிறுத்தப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாசலில் நிறுத்தினார். பாட்டியின் கட்டில், அப்பா கட்டில் கிடந்த அதே ஜன்னல் ஓரம்.

பாட்டியைப் புரட்டிப் பார்த்தேன். முதுகில் ஒரு புண் கூட இல்லை. "யாரும்மா பாக்குறது?" என்று கேட்டேன்.

"நான்தான் சிஸ்டர்" என்றாள் மருமகள். கொழுந்துக்குப் போகிற பெண், மலையிலிருந்து இறங்கி வந்த ஈரம் இன்னும் காயவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இதெல்லாம் என்னய மாதிரி ஆளு படிக்க முடியுமா சிஸ்டர்?"

ப்ளஸ் டூ பாஸா என்று கேட்டேன். பாஸ் என்றாள். குறுக்குவழிக் கோர்ஸ் பக்கம் போகாதே, கவுன்சில் அங்கீகாரத்தை முதலில் பார், ஏ.என்.எம். இப்படி, ஜி.என்.எம். அப்படி என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். பிறகு என்னிடம் யாரும் முன்கூட்டிக் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"நீ பேரை வெட்டிட்டுப் போனா, இந்த வீட்டுக்கு யாரு பேரு இருக்கு?"

"எங்க வீட்டுக்காரவுக பேரு இருக்கே சிஸ்டர். ஃபேக்டரில."

"அப்போ பயப்படாத. பெரிசாப் படி" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"பாத்துப் போங்க சிஸ்டர்" என்று பின்னாலிருந்து சொன்னாள். "இந்த வாசல் நெலை தாழ்வு. புதுசா வர்றவங்களுக்குத் தலை இடிக்கும்."

அவள் சொல்லும் முன்பே நான் குனிந்திருந்தேன்.