புருவத்தை நீவிவிடும் சிஸ்டர்

கையுறை மாட்டுவதற்கு முன் இரண்டு புருவங்களையும் விரல் நுனியால் அழுத்தி நீவிவிடுகிறார், சட்டைச் சுருக்கத்தை எடுப்பதுபோல. பிறகு முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொள்கிறார். இனி வெளியே தெரிவது கண்களும் புருவமும்தான். "கண்ணு கூட பொய் சொல்லிடும். இந்தப் புருவம் இருக்கே, பாழாப் போனது, காட்டிக் குடுத்துடும்" என்கிறார் சிஸ்டர்.

எண்டோஸ்கோபி அறையில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. நோயாளி ஒருக்களித்துப் படுத்திருப்பார். பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம். கேமரா பொருத்திய குழாய் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். தொண்டையை மட்டும் மருந்தடித்து மரத்துப்போக வைப்பார்கள். ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பார். திரை எதிர்ச் சுவரில். திரைக்கும் அவருக்கும் குறுக்கே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சிஸ்டர் வளையத்தைப் பிடித்துக்கொள்வார். "அங்க இங்க பாக்காதீங்க, என் மூஞ்சியப் பாருங்க. மூக்கால இழுங்க, வாயால விடுங்க. எச்சில் வழிஞ்சா வழியட்டும், தொடைக்கத்தானே நான் இருக்கேன்." திரும்பித் திரையைப் பார்க்கவே மாட்டார். பார்த்தால் முகம் மாறும். முகம் மாறினால் படுத்திருப்பவர் மிரண்டுபோய்க் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்பது அவர் கணக்கு.

வீட்டிலும் அந்த முகத்தைக் கழற்றி வைப்பதில்லை என்று கணவர் புலம்புகிறார். "பால் பொங்கி வழிஞ்சாலும் இதே மூஞ்சி. என்னைக் கட்டிக்கச் சம்மதம்னு சொன்னப்பவும் இதே மூஞ்சி. இன்னிக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம்தான்." சிஸ்டரோடு சீட்டாட உட்கார அக்கம்பக்கத்தில் ஒருவரும் துணிவதில்லை.

இந்த அறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வாய்ப்புற்று நோயாளிகள். இங்கே வேலை பழக வந்திருந்த நான், வாயில் வந்ததற்கு உணவுக்குழாயில் என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன். காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார்: புகையிலையும் குடியும் வாயோடு நின்றுவிடுகிறதா, போகிற வழியெல்லாம் தொட்டுக்கொண்டுதானே போகிறது? அதனால் கீழே தனியாக இன்னொன்று முளைத்திருக்கலாம். வாயிலிருந்து பரவியது அல்ல, புதிதாக வேறொன்று. தொடக்கத்தில் வலிக்காது, அடைக்காது, அது இருப்பதே தெரியாது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்று வந்தது போதாதா? அயோடின் தெளித்தால் உள்ளே எல்லாம் பழுப்பாகும், சாயம் ஏறாத இடத்தில்தான் சந்தேகம் என்றும் சொன்னார். அன்று மத்தியானம் முதல் கவளத்தை விழுங்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரமே அவருடைய தம்பி வந்து படுத்தார். லாரி ஓட்டுகிறவர். தூக்கம் வராமலிருக்கக் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டே ஓட்டியவர். அதே கன்னத்தில் இப்போது கட்டி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாயிற்று, ஆபரேஷன் முடிந்தால் மறுபடி வண்டியில் ஏறலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் குடும்பமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அக்காதான் விடாப்பிடியாக இந்தச் சோதனைக்கு இழுத்து வந்திருந்தார்.

"கன்னத்துல இருக்கறதுக்குத் தொண்டைக்குள்ள எதுக்குக்கா குழாய்? சோறு வழுக்கிக்கிட்டுதான் போகுது."

"போகட்டும். ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிக்கத்தான்டா."

இன்றைக்கு வேறொரு நர்ஸ் உட்காரட்டுமே என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். வேற மூஞ்சியைப் பார்த்தால் அவன் எழுந்து ஓடிவிடுவான் என்று சிஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். புருவத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நீவியதாக எனக்குப் பட்டது.

நான் தம்பியின் முதுகுப் பக்கம், கவசத்தோடு சுவரோரமாக நின்றிருந்தேன். எனக்கு நேரே சிஸ்டரின் முகம், அதற்கு மேலே திரை. டாக்டர் காலையில் போக்குவரத்தில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டே குழாயை இறக்கினார். இளஞ்சிவப்பாக, ஈரமாக, அழகாகக்கூட இருந்தது உள்ளே. அயோடின் தெளித்தார். பழுப்பு பரவியது. எல்லா இடத்திலும் பரவி, ஓர் இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனது. வெளிறிய ஒரு திட்டு. மறுபடி தெளித்தார். அது அப்படியே வெளிறித்தான் கிடந்தது. டாக்டரின் கதை பாதியில் நின்றது. சதைத் துணுக்கு எடுக்கும் இடுக்கியைச் சத்தமில்லாமல் கையில் எடுத்தார்.

நேற்றுவரை சோறு வழுக்கிக்கொண்டு போன வழி அது.

சிஸ்டர் திரும்பவில்லை. நிமிர்ந்து என் கண்களைப் பார்த்தார். அவற்றை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"மூக்கால இழு, வாயால விடு" என்றார், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். நீவிவிட்ட புருவங்கள் மட்டும் மேலேறி, இறங்க மறுத்து நின்றன. தம்பி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஒரு கையால் வளையத்தைப் பிடித்தபடியே, மறு கையால் தம்பியின் கண்களைப் பொத்தினார்.