மேட்டில் இழுக்காத லோரி

கிள்ளான் துறைமுகத்திலிருந்து குவாந்தானுக்குச் சொந்த லோரி ஓட்டுகிறேன். டீசலை மிச்சப்படுத்துவதில் எனக்கு ஒரு வெறி. போன வருடம் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பட்டறையில் இன்ஜின் பவரைக் குறைக்கச் சொன்னேன்.

“டீசல் மிச்சமாகும் அண்ணே. ஆனா லோடு ஏத்துனா மேட்டுல இழுக்காது லா,” என்றார் மெக்கானிக்.

“மெதுவா போறேன். அதனால யாருக்கு என்ன?” என்றேன்.

மறுவாரம் ஒரு காலையில், அரிசி மூட்டைகளோடு காராக் நெடுஞ்சாலை மேட்டில் ஏறினேன். நல்ல மழை. லோரி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் வருபவர்களை எச்சரிக்க டபுள் சிக்னல் போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. என் கண் டீசல் முள்ளில் இருந்தது. பின்னால் பெரிய சத்தம் கேட்டது.

இறங்கி ஓடினேன். லோரிக்கு அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் சிக்கிக் கிடந்தது. ஓட்டி வந்தவரின் வலது கால் நசுங்கியிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, லோரி நின்னுக்கிட்டா இருந்துச்சு?” என்று கேட்டார்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

மருத்துவமனையில் அவருடைய வலது காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். நான் பவரைப் பழையபடி ஏற்றிவிட்டேன். மேடு வந்தாலே டபுள் சிக்னல் போடுகிறேன், பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறேன். லோரி டீசலைக் கூடுதலாகத்தான் குடிக்கிறது. குடிக்கட்டும்.