மேலண்ணத்தில் ஒரு கட்டி

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அவளைப் ‘பிரேக் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். பக்கத்து இருக்கையிலிருந்து அவள் போடும் சத்தத்தில் எதிரே வரும் லாரியும் நின்றுவிடும் என்பது அங்கே பேச்சு.

நாற்பத்தாறு வயதில், மேலண்ணத்தில் ஒரு கட்டி நாக்கில் தட்டுப்பட்டது. வலியில்லை. பல் டாக்டர் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சாதாரணக் கட்டிதான், எடுத்துவிட்டால் போதும் என்று முடிவு வந்தது. எடுப்பதற்காகப் பெரிய மருத்துவமனைக்குப் போனாள். அங்கே அறுவை மருத்துவர் அவள் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இங்க மரத்துப்போன மாதிரி இருக்காம்மா?”

“ஆமா டாக்டர். டீ குடிச்சா அந்தப் பக்கம் சூடே தெரியல. வயசாகுதுன்னு விட்டுட்டேன்.”

“சாதாரணக் கட்டி நரம்புல கை வைக்காது. இந்த ரிப்போர்ட் பொருந்தி வரல.”

பழைய ஸ்லைடுகளும் புதிதாக எடுத்த சதையும் வேறோர் ஆய்வகத்துக்குப் போயின. எச்சில் சுரப்பியில் அபூர்வமாக வரும் ஒரு புற்றுநோய் என்று அங்கே வகைப்படுத்தினார்கள். நுண்ணோக்கியில் சல்லடைக் கண்கள்போலத் தெரிந்ததாம். நரம்பைச் சுற்றியும் அதன் உயிரணுக்கள் ஒட்டியிருந்தன.

“மெதுவாத்தான் வளரும். ஆனா லேசுல விடாது,” என்றார் மருத்துவர்.

“ஆமை புகுந்த வீடுன்னு சொல்லுங்க.”

அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த கணவர் சிரிக்கவில்லை.

மேலண்ணத்தில் பாதியை எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு கொடுத்ததில் நாக்கில் ருசி போயிற்று. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. பேச்சு முழுவதும் மூக்கில் போய், ‘ப’வும் ‘க’வும் காணாமல் போயின. வீட்டில் மகளுக்கு மட்டுமே அது புரிந்தது.

புண் ஆறியதும், அண்ணத்து ஓட்டையை அடைக்கப் பல்செட் போல ஒரு தட்டு செய்து தந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, “காப்பி குடுங்க.”

“இத்தனை நாள் வீடு நிம்மதியா இருந்துச்சு,” என்றார் கணவர். சொன்னவர்தான் முதலில் அழுதார்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். கத்த முடியவில்லை. காரில் தன் பக்கம் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்கப் பழகினாள்.

மூன்றாம் ஆண்டு ஸ்கேனில் நுரையீரலில் சிறு புள்ளிகள் தெரிந்தன. அந்த நோய்தான், இப்போதைக்கு மருந்தால் பெரிய பயனில்லை, வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே சொன்னாள்.

“அப்புறம்?” என்றாள் மகள்.

“அப்புறம் என்ன, ஆறு மாசம் கழிச்சு அடுத்த ஸ்கேன். அதுக்குள்ள நீ ஸ்கூட்டரை நேரா நிறுத்தக் கத்துக்கோ. இன்னைக்கும் பக்கத்து வீட்டு வாசலை மறிச்சு நிக்குது.”

மகள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.