பேட்டரி வயரைக் கழற்றியவள்

சாவியைத் திருப்பினால் காரில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரியும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறதாம். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். அந்த வாரம் ஒன்று மட்டும் அணையவில்லை. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு.

எனக்குப் பயம் இன்ஜினை நினைத்து இல்லை, என் வீட்டுக்காரரை நினைத்துத்தான். நாற்பது வயதில் கார் ஓட்டப் பழகியவள் நான். ஒரு கோளாறு வந்தாலும் சாவியை வாங்கி வைத்துவிடுவேன் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். மகள் நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது படிக்கிறாள். மாதம் ஒரு நாள் வெளியே விடுவார்கள். பஸ்ஸிலும் கூட்டி வரலாம்தான். ஆனால் காரில் நாங்கள் இருவர் மட்டும் வருகிற அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவள் என்னிடம் வாய் திறப்பாள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

எங்கள் பக்கத்து லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளக்கு எரிந்தால் பேட்டரி வயரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு மாட்டுவார்கள். நானும் ஸ்பேனரை எடுத்தேன். மாட்டியதும் விளக்கு அணைந்தது. பெரிய மெக்கானிக் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

மகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, ராசிபுரம் பிரிவுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தேன். பாதியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன், கார் வேகம் எடுக்கவில்லை. ஆமை மாதிரி ஊர்ந்தது. முட்டை லாரி ஒன்று ஹாரனை அழுத்தியபடியே வந்து, ஒரு முழம் தள்ளி நின்றது. மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்துகொண்டிருந்தது.

ஊர்ந்தபடியே சாலையோரப் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, பேட்டரி வயரக் கழட்டுனீங்களாங்க?"

மறைக்க முடியவில்லை. கழற்றினால் கம்ப்யூட்டரில் கோளாறு பற்றிய பதிவெல்லாம் அழிந்துபோகும், கோளாறு மட்டும் போகாது என்றார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமாம், அதற்குப் பல தடவை வண்டியை ஓட்ட வேண்டியிருக்குமாம். விளக்கு அணைந்திருந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லையாம். எதற்குக் கழற்றினீர்கள் என்று கேட்டார். வீட்டில் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று சொன்னேன்.

மகள் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மெக்கானிக் உள்ளே போனதும் என் பக்கம் நகர்ந்தாள்.

"அம்மா, நா இந்த மாசம் ரெண்டு தடவ மயக்கம் போட்டு விழுந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அப்பா படிப்ப நிறுத்திருவாங்க."

லாரி வந்தபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவள் காது கேட்க, முதலில் பேட்டரி வயரைக் கழற்றியதைத்தான் சொன்னேன். அவர் கத்தத் தொடங்கினார்.

"சாவிய நீங்களே வெச்சுக்கங்க," என்றேன். "இப்பக் கெளம்பி வாங்க. புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகோணும்."