மூன்றாம் பிரிவின் கடைசி ஆட்டம்

மலாயாவில் குளுவாங்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களுக்குள் ஒரு காலத்தில் பந்தாட்டப் போட்டி மூன்று பிரிவுகளாக நடந்தது. முதல் பிரிவில் துரைமார்கள், இரண்டாவதில் கணக்கெழுதும் கிராணிமார்கள், மூன்றாவதில் பால் வெட்டும் எங்கள் ஆட்கள். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் மேலே இருந்த இரண்டு பிரிவுகளும் மூட்டை கட்டிவிட்டன. ஓடப் போக்கிடமில்லாத மூன்றாம் பிரிவு மட்டும் இறுதியாட்டம் பாக்கியிருக்க அப்படியே நின்றது. எங்கள் தோட்டமும் பெக்கோக் தோட்டமும் ஒரு மரக்கேடயத்துக்காக மோத வேண்டிய ஆட்டம் அது.

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் அணிக்குக் கோல் போடுகிறவர் சித்தப்பா. மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் கிடைக்காத அந்த நாட்களில், கேடயம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கப்போவதை நினைத்தே நான் வயிறு நிறைந்து திரிந்தேன்.

சயாமில் ரயில் பாதை போடத் திடமான ஆட்களைப் பிடித்துப்போகிறார்கள், போனவர் எவரும் திரும்பவில்லை என்று நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் அப்போது ஒரே குசுகுசுப்பு. ரயிலில் போக யாருக்காவது கசக்குமா என்று நான் வியந்துகொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான், நின்றுபோன ஆட்டத்தை நடத்த வேண்டும், ஜப்பான் அதிகாரியே பார்க்க வருகிறார் என்று காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது அறிவித்தார்கள். நான் லயம் முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன். பெரியவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. தோற்றுவிடுவோம் என்று பயப்படுகிறார்கள், பயந்தாங்கொள்ளிகள்!

ஆட்டத்தன்று காலையில் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, ரப்பர் பாலில் மஞ்சளும் செம்மண்ணும் குழைத்து முழங்காலுக்குக் கீழே பூசிக்கொண்டார். காய்ந்ததும் சீழ் பிடித்த புண்ணாகவே தெரிந்தது.

“எதுக்கு சித்தப்பா? பந்து கால்ல ஒட்டிக்கவா?”

“ஆமாலா. யாருகிட்டயும் சொல்லிறாத.”

பந்து காலிலேயே ஒட்டிக்கொண்டால் பெக்கோக்காரர்கள் என்னதான் செய்வார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. சித்தப்பா நொண்டினார். பந்து இடப்பக்கம் வந்தால் அவர் வலப்பக்கம் போனார். ஒருவர் இருமிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பெக்கோக்காரர்களும் அப்படித்தான், இருபத்திரண்டு பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி ஆடினார்கள். அதிகாரி நாற்காலியில் சாய்ந்து அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“சித்தப்பா! நேத்து நல்லாத்தானே ஓடுனீங்க! கால்ல பூசுன...”

அம்மாவின் கை என் வாயில் வந்து விழுந்தது. “வாய மூடுடி பாவி!” அதிகாரி பக்கம் பார்த்துக்கொண்டே என்னை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பெக்கோக்கில் இருந்த ஒரு சுருட்டைமுடி அண்ணனிடம் பந்து வந்து சேர்ந்தது. அதுவரை அவனும் நொண்டிக்கொண்டிருந்தவன்தான். எதிரே கோல் திறந்து கிடந்தது. அவன் நொண்டுவதை மறந்துவிட்டான். நான்கே எட்டு, ஒரே உதை! அப்படி ஒரு கோலை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. எதிரணி என்பதும் மறந்து நான் குதித்தேன். அவனுடைய ஆட்கள் யாரும் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. அதிகாரி மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.

கேடயம் பெக்கோக்குக்குப் போனது. மூன்றாம் பிரிவும் அத்தோடு முடிந்தது. போருக்குப் பிறகும் யாரும் அதை நடத்தவில்லை.

அடுத்த வாரம் லாரி வந்து அந்த அண்ணனைச் சயாமுக்கு ஏற்றிப்போனதாகச் செய்தி வந்தது. அம்மா அடுப்பு மூட்டவில்லை. சித்தப்பா காலைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். ஒழுங்காக ஓடியிருந்தால் கேடயமும் கிடைத்திருக்கும், ரயிலிலும் போயிருக்கலாமே என்று, நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.